முடுக்கமானி வரலாற்றில் துல்லியம் என்னும் கருத்து: கரிவளையம் முதல் சிலிக்கான் சில்லு வரை

ஆய்வுச்சுருக்கம்

முடுக்கத்தை அளக்கும் கருவியின் வரலாறு, கருவி சிறுத்துக்கொண்டே வரத் துல்லியம் பெருகிக்கொண்டே வந்த ஒற்றை வளர்ச்சியாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. 1920களின் கரிவளைய முடுக்கமானி, இரண்டாம் உலகப்போர்க்கால ஏவுகணைக் கருவி, அழுத்தமின் படிகக் கருவி, கொய்னா அணையின் நிலநடுக்கப் பதிவு, 1990களின் சிலிக்கான் சில்லு ஆகியவற்றை முன்வைத்து இக்கட்டுரை அக்கூற்றை மறுக்கிறது. எந்தப் பிழையைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கவியலாது என்று ஒவ்வொரு காலத்திலும் முடிவு செய்தோர் வெவ்வேறு துறையினர். அவர்களின் தேவையே துல்லியத்திற்குப் பொருள் வகுத்தது என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: முடுக்கமானி, துல்லியம், நிலைப்பிழை, ஜைரோஸ்கோப், அழுத்தமின் விளைவு, கொய்னா, காற்றுப்பை, ஏற்றுமதிக் கட்டுப்பாடு

முன்னுரை

நின்றிருந்த பேருந்து திடீரெனப் புறப்படும்போது, பிடிமானமின்றி நிற்கும் பயணி பின்னோக்கிச் சாய்கிறார். முடுக்கமானியின் அடிப்படை இதற்கு மேல் எதுவுமில்லை. ஒரு பெட்டிக்குள் சுருள்வில்லால் தாங்கப்பட்ட சிறு நிறை இருக்கிறது. பெட்டி விரையும்போது அந்நிறை பின்தங்குகிறது. எவ்வளவு பின்தங்கியது என்பதை அளந்தால் முடுக்கம் தெரியும். நியூட்டனின் இரண்டாம் விதியை அறிந்த எவரும் இக்கருவியைத் தாளில் வரைந்துவிடலாம். வரைவதற்கும் செய்வதற்கும் இடைப்பட்ட தொலைவே இதன் வரலாறு.

ஒரு தெளிவு இங்கு வேண்டப்படுகிறது. மேசைமீது அசையாமல் கிடக்கும் முடுக்கமானி சுழியைக் காட்டுவதில்லை. ஒரு ஜி அளவைக் காட்டுகிறது. மேசையிலிருந்து தவறி விழும் கணத்தில்தான் அது சுழியைக் காட்டும். ஈர்ப்பை முடுக்கத்திலிருந்து பிரித்தறியக் கருவியால் இயலாது. ஆகவே இக்கருவி தன்னளவில் முழுமையான விடையைத் தருவதில்லை. அதன் எண்ணைப் பொருள்கொள்ளப் புறத்திலிருந்து வேறோர் அறிவு எப்போதும் தேவைப்படுகிறது.

துல்லியம் என்ற சொல்லையும் இவ்வாறே பிரித்துக் காண வேண்டும். உண்மை மதிப்புக்கு எவ்வளவு அண்மையில் இருக்கிறது என்பது ஒன்று. திரும்பத் திரும்ப அளந்தால் அதே விடை வருகிறதா என்பது மற்றொன்று. தமிழ் அறிவியல் எழுத்தில் இவ்விரண்டும் பெரும்பாலும் ஒரே சொல்லால் குறிக்கப்படுகின்றன. முடுக்கமானி வரலாற்றைத் தமிழில் எழுதும்போது இந்த ஒற்றைச்சொல் வழக்கு இடர் தருவது. பொறியாளர்கள் விலைகொடுத்து வாங்கியது சில காலங்களில் முதற்பொருளையும், சில காலங்களில் இரண்டாம் பொருளையும் சார்ந்திருந்தது. இவ்விரண்டிலும் அடங்காத ஒன்றை அவர்கள் நாடிய காலமும் உண்டு.

ஏவுகணைகளின் துல்லியம் தொழில்நுட்பத்தின் இயல்பான வளர்ச்சியால் தானாக வந்ததன்று, நிறுவனங்களுக்கிடையே நிகழ்ந்த பேரங்களின் விளைவு என்று டொனால்ட் மெக்கன்சி 1990இல் வெளியிட்ட 'இன்வென்டிங் அக்யூரசி' நூலில் நிறுவினார். அவர் நோக்கு அணு ஏவுகணைகளோடு நின்றது. அதே வினாவைத் தொழிற்கூடத்திடமும் அணையிடமும் மகிழுந்திடமும் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதை இங்குக் காணலாம்.

கரியும் கம்பியும்

மின்வழியில் இயங்கிய தொடக்கக்கால முடுக்கமானிகளுள் நன்கு அறியப்பட்டது, அமெரிக்கத் தேசியத் தரநிர்ணயப் பணியகத்தைச் சேர்ந்த பர்ட்டன் மெக்கல்லம், ஓ. எஸ். பீட்டர்ஸ் ஆகிய இருவரும் 1923ஐ ஒட்டி உருவாக்கியதாகும். ஆங்கில 'ஈ' எழுத்து வடிவச் சட்டம் ஒன்றில் 20 முதல் 55 வரையிலான கரிவளையங்கள் அடுக்கப்பட்டிருந்தன. நிறை ஒருபுறம் சாயும்போது ஓர் அடுக்கு நெருங்கி அதன் மின்தடை குறையும்; மறு அடுக்கு தளர்ந்து மின்தடை கூடும். இந்த வேறுபாட்டை வீட்ஸ்டன் சுற்று அளந்தது. கருவியின் எடை ஏறத்தாழ ஒரு பவுண்டு. பாலங்களிலும் வானூர்திகளிலும் இது பயன்பட்டது.

அழுத்தத்தை நீக்கிய பின்னும் கரியடுக்கின் மின்தடை பழைய அளவுக்குச் சரியாகத் திரும்புவதில்லை. இன்றைய நோக்கில் இது கடுங்குறை. ஆயினும் பாலத்தின்மேல் தொடர்வண்டி செல்கையில் அதிர்வு எந்த அளவினது என்பதே தெரியாதிருந்த காலத்தில், அந்த அளவை முதன்முறையாகத் தொலைவிலிருந்து படிக்க முடிந்ததே பெரும்பேறாக இருந்தது. அக்கருவியைத் துல்லியமற்றது என்று எழுதுவது, அதனிடம் எவரும் கேட்காத ஒன்றைக் கேட்பதாகும்.

1938இல் கலிஃபோர்னியாவில் எட்வர்டு சிம்மன்ஸும், மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஆர்தர் ரூஜும் ஒருவரையொருவர் அறியாமல் ஒட்டுக்கம்பித் திரிபுமானியைக் கண்டறிந்தனர். ரூஜின் அக்கறை நிலநடுக்கத்தின்போது நீர்த்தொட்டிகள் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதில் இருந்தது. வணிகத்தில் அது பெற்ற எஸ்ஆர்-4 என்ற பெயரிலுள்ள முதலெழுத்துகள் இவ்விருவரையும் குறிப்பவை. நிறையைத் தாங்கும் மெல்லிய தகட்டில் இக்கம்பியை ஒட்டினால் அது முடுக்கமானியாகிவிடும். கரியடுக்கின் காலம் அத்துடன் முடிவை நெருங்கியது.

ஏவுகணையும் பெருகும் பிழையும்

முடுக்கத்தைக் காலத்தால் ஒருமுறை தொகையிட்டால் திசைவேகம் கிடைக்கும். மறுமுறை தொகையிட்டால் இடம் கிடைக்கும். வெளியுலகைப் பார்க்காமலேயே தான் எங்கிருக்கிறோம் என்பதை ஓர் ஊர்தி அறிந்துகொள்ளலாம் என்ற எண்ணம் இதிலிருந்து பிறந்தது. இங்குதான் பிழையின் தன்மை மாறுகிறது. முடுக்கம் ஏதுமில்லாதபோதும் கருவி காட்டும் பொய்யான அளவை நிலைப்பிழை எனலாம். அது ஒரு ஜியில் ஆயிரத்தில் ஒரு பங்கு எனக் கொண்டால், அதனால் ஒரு நிமிடத்தில் விளையும் இடப்பிழை ஏறத்தாழ 18 மீட்டர். அதே கணக்கை ஒரு மணி நேரத்திற்கு நீட்டினால் பிழை 63 கிலோமீட்டரைத் தாண்டும். காலம் அறுபது மடங்காகப் பிழை மூவாயிரத்து அறுநூறு மடங்காகிறது.

புவிப்பரப்பை ஒட்டிச் செல்லும் ஊர்திக்கு இக்கணக்கு அப்படியே பொருந்துவதில்லை. செருமானியரான மாக்ஸ் ஷூலர் 1923இல் காட்டியவாறு, கருவித்தளத்தை 84.4 நிமிட அலைவுக்காலத்துக்கு இசைவித்தால் பிழை வரம்பின்றிப் பெருகாமல் ஊசலாடும். மேற்சொன்ன நிலைப்பிழைக்கு அந்த ஊசலின் உச்சம் 13 கிலோமீட்டருக்குள் அடங்கும். வாஷிங்டனில் கரிவளையங்களை அடுக்கிக்கொண்டிருந்தவர்களும் செருமனியில் இக்கணக்கைப் போட்டவரும் ஒரே ஆண்டில் பணியாற்றினர். ஒருவர் வேலை மற்றவர்க்குப் பயன்பட்டிருக்க வழியில்லை.

செருமானிய வி-2 ஏவுகணையில் தேவை வேறுவிதமாக இருந்தது. எரிபொருள் எரியும் ஒரு நிமிடத்துக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் ஏவுகணை அடையும் திசைவேகமே அது விழும் இடத்தைத் தீர்மானித்தது. ஆதலால் குறித்த திசைவேகத்தை எட்டியவுடன் பொறியை நிறுத்தியாக வேண்டும். எளிய எறிபொருள் கணக்கின்படி வீச்சு திசைவேகத்தின் இருமடிக்கு நேர்த்தகவில் அமையும். திசைவேகத்தில் நூற்றுக்கு ஒன்று பிழைத்தால், 320 கிலோமீட்டர் வீச்சில் ஆறு கிலோமீட்டருக்கு மேல் தவறும். தரையிலிருந்து வானொலிக் குறிப்பால் பொறியை நிறுத்தும் முறையும் கையாளப்பட்டது. ஆனால் வானொலியில் எதிரி குறுக்கிட முடியும்.

பெர்லினின் கிரைசல்கெரேட்டே நிறுவனத்தில் பணியாற்றிய ஃபிரிட்ஸ் மியூலர் இதற்கு வகுத்த வழி குறிப்பிடத்தக்கது. ஒரு ஜைரோஸ்கோப்பின் ஒருபுறத்தில் வேண்டுமென்றே சமநிலை குலைக்கப்பட்டது. ஏவுகணை முடுக்கம் பெறும்போது, கனமான அப்பக்கம் பின்தங்க முயல்கிறது. சுழலும் பொருளின் இயல்பால் அந்த முயற்சி வேறோர் அச்சைச் சுற்றிய மெல்லிய திரும்புதலாக வெளிப்படுகிறது. திரும்பும் வேகம் முடுக்கத்துக்கு நேர்த்தகவு. ஆகவே திரும்பிய மொத்தக் கோணம் திசைவேகத்துக்கு நேர்த்தகவு. தொகையீட்டைச் செய்யத் தனிக் கணிப்பொறி தேவைப்படவில்லை. இயந்திரமே தன் திரும்புதலால் அதைச் செய்துகொண்டது. குறித்த கோணத்தை எட்டியதும் மின்தொடர்பு மூடிப் பொறி நிற்கும்.

இவ்வழகைப் பேசும் தொழில்நுட்ப நூல்கள் சில, ஏவுகணை எங்கே யாரால் பூட்டப்பட்டது என்பதைச் சொல்வதில்லை. மிட்டல்பாவ்-டோரா வதைமுகாமின் கைதிகளே நிலத்தடிச் சுரங்கத்தில் வி-2ஐ உருவாக்கினர். அம்முகாமுக்குக் கொண்டுவரப்பட்ட ஏறத்தாழ 60,000 பேரில் மூன்றில் ஒரு பங்கினர் மாண்டனர். இவ்வளவுக்குப் பின்னும் வி-2 பல கிலோமீட்டர் தவறியே விழுந்தது. இலண்டன் போன்ற பெருநகரைக் குறிவைத்தவர்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. எந்தப் பிழை பொறுக்கத்தக்கது என்பதை இங்கு முடிவு செய்தது இலக்கின் அளவாகும்.

போருக்குப்பின் மியூலர் அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அவருடைய கருவியின் வழித்தோன்றல்கள் ரெட்ஸ்டோன், ஜூபிடர் ஏவுகணைகளிலும், மனிதரை நிலவுக்கு அனுப்பிய சாட்டர்ன்-5 ஏவூர்தியின் எஸ்டி-124 கருவித்தளத்திலும் இடம்பெற்றன. இம்மரபின் உச்சம் 1986இல் பணியில் சேர்க்கப்பட்ட பீஸ்கீப்பர் ஏவுகணை. அதன் வழிநடத்தும் கோளத்தில் இருந்த மூன்று முடுக்கமானிகளில் ஒவ்வொன்றும் 1980களின் இறுதியில் ஏறத்தாழ 3,00,000 டாலர் விலையுடையது; ஒன்றைச் செய்து முடிக்க ஆறு திங்கள் ஆயிற்று. எதிரியின் காங்கிரீட் ஏவுகுழியையே குறிவைப்பது என்ற அரசியல் முடிவு இல்லாவிடில், இவ்விலைக்கு எவரும் இணங்கியிருக்கமாட்டார். 2005இல் அந்த ஏவுகணை பணியிலிருந்து நீக்கப்பட்டது. அளவுக்கருவிகளுள் மிக நுண்ணியதாகிய இது வேறெந்தத் தொழிலுக்கும் பரவவில்லை.

பரவியது வேறொன்று. 1970களில் அமெரிக்காவின் சண்ட்ஸ்ட்ராண்ட் நிறுவனம் உருக்கிய குவார்ட்சால் ஆன மெல்லிய ஊசல்தகட்டைக் கொண்டு ஒரு முடுக்கமானியை உருவாக்கியது. தகடு அசைய முற்படும்போதே மின்காந்த விசை அதைத் தன் இடத்திலேயே நிறுத்திவைக்கிறது. அவ்வாறு நிறுத்தச் செலவாகும் மின்னோட்டமே முடுக்கத்தின் அளவு. வானூர்திகளின் வழிகாட்டு அமைப்புகளில் இது நிலைபெற்றது. எண்ணெய்க் கிணறு தோண்டுவோரும் துளைப்பானின் சாய்வை அறிய இதே வகையைக் கைக்கொண்டனர்.

நிலையானதைக் காணாத படிகம்

ஜாக் கியூரி, பியர் கியூரி உடன்பிறப்புகள் 1880இல் கண்ட அழுத்தமின் விளைவு, முடுக்கமானிக்கு வந்துசேர அறுபது ஆண்டுகள் ஆயின. டென்மார்க்கின் புரூயல் அண்டு கேயர் நிறுவனம் 1943இல் ரோஷெல் உப்புப் படிகத்தைக் கொண்ட முடுக்கமானியை விற்பனைக்குக் கொணர்ந்தது. ரோஷெல் உப்பு ஈரத்தை ஏற்கும். 55 பாகை செல்சியசை நெருங்கினால் கெடும். பின்னர் பேரியம் டைட்டனேட்டும், 1950களில் ஈய சிர்க்கோனேட் டைட்டனேட்டும் அதன் இடத்தைப் பிடித்தன. படிகத்தில் தோன்றும் சிறு மின்னூட்டத்தைக் கேபிளின் நீளம் பாதிக்காமல் படிக்க உதவும் மின்னூட்டப் பெருக்கிக்கு வால்ட்டர் கிஸ்ட்லர் 1950இல் காப்புரிமை பெற்றார்.

இவ்வகைக் கருவிக்கு ஓர் அடிப்படைக் குறை உண்டு. மாறாத முடுக்கத்தை அதனால் காண முடியாது. தோன்றிய மின்னூட்டம் சிறிது நேரத்தில் கசிந்துவிடும். ஏவுகணைப் பொறியாளர் இதைத் தொடவும் மாட்டார். ஆனால் விசையாழியின் தாங்கி தேய்ந்துவருகிறதா என்று அறிய விரும்பும் ஆலைப் பொறியாளருக்கு இக்குறையே பேருதவி. நொடிக்குப் பல்லாயிரம் முறை நிகழும் சிற்றதிர்வே அவருக்கு வேண்டியது. ஈர்ப்பு முதலிய நிலையான அளவுகள் அவருக்கு வெறும் இடையூறு. படிகம் அந்த இடையூற்றைத் தானே வடித்துவிடுகிறது.

அதிர்வு எவ்வளவு இருந்தால் பொறியை நிறுத்த வேண்டும் என்ற வினாவுக்கு முதலில் விடையளித்தோர் இயற்பியலாளர்கள் அல்லர். 1939இல் டி. சி. ரத்போன் என்னும் அமெரிக்கப் பொறியாளர், பட்டறிவின் அடிப்படையில் அதிர்வுக்கான ஏற்பு வரம்புகளை வரைபடமாக வெளியிட்டார். அவர் பணியாற்றியது ஒரு காப்பீட்டு நிறுவனத்தில். பொறி உடைந்தால் இழப்பீடு தரவேண்டியவர்கள் வகுத்த அளவுகோல் அது. பன்னாட்டுத் தர அமைப்பு 1974இல் வெளியிட்ட 2372ஆம் எண் தரநிலை, இயந்திர அதிர்வின் கடுமையை நொடிக்கு மில்லிமீட்டர் என்ற அலகில் வகைப்படுத்தியது. அவ்வகைப்பாட்டில் அடுத்தடுத்த படிகளுக்கிடையே பெரும் இடைவெளிகள் உண்டு. கருவியின் அளவீட்டில் நூற்றுக்கு ஐந்து பிழைத்தாலும் முடிவு அரிதாகவே மாறும். அங்குத் தேவைப்பட்டது, இன்று அளந்ததையும் ஆறு திங்கள் கழித்து அளந்ததையும் ஒப்பிட முடிவது. முன்னுரையில் பிரித்துக்கூறிய இரண்டாம் பொருளே ஆலையில் துல்லியம் எனப்பட்டது.

கொய்னா, 11 டிசம்பர் 1967

அமெரிக்கக் கடற்கரை, புவியளவைத் துறை 1932இல் வலுவான நில அதிர்வைப் பதிவு செய்யும் முடுக்கப்பதிவுக் கருவிகளை நிறுவத் தொடங்கியது. அடுத்த ஆண்டு மார்ச் 10இல் லாங் பீச் நிலநடுக்கம் அவற்றில் பதிவானது. இக்கருவி ஆண்டுக்கணக்கில் உறங்கும். நிலம் அதிர்ந்தால் தானே விழித்துச் சில நொடிகள் பதியும்.

மகாராட்டிரத்தின் 103 மீட்டர் உயரக் கொய்னா அணையின் உட்கூடத்திலும் ஒரு முடுக்கப்பதிவுக் கருவி இருந்தது. தக்காணம் நிலநடுக்க அச்சமற்ற உறுதியான நிலப்பகுதி என்றே அந்நாளில் கருதப்பட்டது. அணை வடிவமைப்பில் நிலநடுக்கத்துக்கென ஒதுக்கப்பட்ட கெழு 0.05 ஜி. 1967 டிசம்பர் 11 அன்று கருவி பதிந்த உச்ச அளவுகள்: அணையின் நீளவாட்டில் 0.63 ஜி, குறுக்குவாட்டில் 0.49 ஜி, செங்குத்தில் 0.34 ஜி. ஏறத்தாழ 180 பேர் உயிரிழந்தனர். அணையின் சில பகுதிகளில், சுவரின் சரிவு மாறும் உயரத்தை ஒட்டி விரிசல்கள் ஏற்பட்டன; ஆனால் அணை உடையவில்லை.

அப்பதிவில் நூற்றுக்குப் பத்துப் பிழை இருந்திருந்தாலும் அதன் மதிப்பு குன்றியிராது. வடிவமைப்பாளர் எண்ணியதற்கும் நிகழ்ந்ததற்கும் இடையிலான வேறுபாடு பத்து மடங்கை ஒட்டியது. காங்கிரீட் அணைகளின் நிலநடுக்கப் பகுப்பாய்வில் உலகெங்கும் இன்றளவும் எடுத்தாளப்படும் பதிவுகளுள் இதுவும் ஒன்று. இங்குக் கருவியின் சிறப்பு நுண்மையில் இல்லை. அந்த இரவில் அந்த இடத்தில் இயங்கும் நிலையில் இருந்ததில் இருந்தது. கருவிகளின் வரலாற்றில் பராமரிப்புப் பணியாளருக்கு இடம் கிடைப்பது அரிது. கொய்னாவின் எண்கள் அவர்களின் உழைப்பாலும் கிடைத்தவை.

சில்லும் காற்றுப்பையும்

சிலிக்கானை நெருக்கினால் அதன் மின்தடை பெரிதும் மாறுகிறது என்பதைச் சார்லஸ் ஸ்மித் 1954இல் வெளியிட்டார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லின் ராய்லன்ஸ், ஜேம்ஸ் ஏஞ்சல் ஆகியோர் 1979இல் சிலிக்கானையே செதுக்கி, 2 மில்லிமீட்டர் அகலமும் 3 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட முடுக்கமானியை விவரித்தனர். அதன் எடை ஒரு கிராமில் ஐம்பதில் ஒரு பங்கு. இதயச்சுவரின் அசைவை அளப்பது போன்ற மருத்துவப் பயன்களே அவர்கள் மனத்தில் இருந்தன. அந்தத் தேவை பெருஞ்சந்தையாக வளரவில்லை.

சந்தையைத் தந்தது சட்டம். 1991இல் இயற்றப்பட்ட அமெரிக்கக் கூட்டரசுச் சட்டமொன்று, 1998 மாடல் ஆண்டு முதல் எல்லாப் பயணியர் மகிழுந்துகளிலும் முன்னிருக்கைக் காற்றுப்பைகளைக் கட்டாயமாக்கியது. அதுவரை மோதலை உணர்த்தியது குழாய்க்குள் காந்தத்தால் பிடித்துவைக்கப்பட்ட ஓர் உலோகக் குண்டு. கடும் மோதலில் குண்டு காந்தத்தை விட்டு விலகி ஓடி மின்தொடர்பை மூடும். அது அளவுக்கருவியன்று, வெறும் சுவிட்சு. வண்டியின் முன்புறத்தில் பல இடங்களில் அதைப் பொருத்தவேண்டியிருந்தது.

அனலாக் டிவைசஸ் நிறுவனம் 1991இல் அறிவித்த ஏடிஎக்ஸ்எல்-50 என்னும் சில்லு 50 ஜி வரை அளந்தது. அதன் நிறை ஒரு மைக்ரோகிராமில் பத்தில் ஒரு பங்கு. சீப்பின் பற்கள் போன்ற சிலிக்கான் விரல்கள் நிலையான விரல்களுக்கிடையே அசைய, அதனால் மாறும் மின்தேக்குத்திறனை அதே சில்லிலுள்ள மின்சுற்று படித்தது. வண்டி புறப்படும் ஒவ்வொரு முறையும் மின்விசையால் தன் நிறையைத் தானே அசைத்துப் பார்த்துத் தான் நலமாக இருப்பதை உறுதிசெய்துகொள்ளும் ஏற்பாடும் அதில் இருந்தது. குண்டும் குழாயும் இவ்வாறு தம்மைச் சோதித்துக்கொள்ள இயலாது.

வழிகாட்டு முடுக்கமானியோடு ஒப்பிட்டால் இச்சில்லு மிகவும் கரடுமுரடானது. அதன் நிலைப்பிழையோடு ஒரு மணி நேரம் பறந்த வானூர்தி எந்த ஊரில் இறங்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் சுவரில் மோதிய மகிழுந்தின் முடுக்கம் பல பத்து ஜி; தீர்மானிக்கக் கிடைக்கும் நேரமோ நொடியில் நூறில் சில பங்கு. பள்ளத்தில் இறங்கிய அதிர்வை மோதலிலிருந்து பிரித்தறிவதும், பத்தாண்டுகள் கழிந்தும் தவறாமல் இயங்குவதும், சில டாலரில் கிடைப்பதுமே கேட்கப்பட்டவை. சிறுத்தது, ஆகவே துல்லியம் பெருகியது என்னும் கதை இங்குத் தலைகீழாகிறது. நிறை குறையக் குறையக் காற்றுமூலக்கூறுகளின் வெப்ப மோதலால் எழும் இரைச்சல் மேலோங்கும் என்பது இயற்பியல். துல்லியத்தை விட்டுக்கொடுத்தே சிறுமை வாங்கப்பட்டது. 2006இல் நின்டெண்டோவின் விளையாட்டுக் கைப்பிடியிலும், 2007இல் ஐஃபோனிலும் இவ்வகைச் சில்லுகள் நுழைந்தது காற்றுப்பைக்காக ஏற்கெனவே மலிந்துவிட்ட பொருளின் நீட்சியே.

வரம்பெண்

1987இல் ஏழு தொழில்வள நாடுகள் ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு முறைமையை அமைத்தன. அதன் பட்டியலில் ஒன்பதாம் இனத்தின்கீழ் முடுக்கமானிகள் வருகின்றன. வழிகாட்டலுக்காக வடிவமைக்கப்பட்டு, நிலைப்பிழையின் மீள்தன்மை 1250 மைக்ரோ ஜியைவிடவும், அளவுக்கெழுவின் மீள்தன்மை பத்து லட்சத்தில் 1250 பங்கைவிடவும் சிறப்பாக அமைந்த கருவி உரிமமின்றி எல்லை கடக்கக் கூடாது. துல்லியம் என்ற சொல்லுக்கு இத்தனைத் தெளிவான அரசியல் வரையறை வேறெங்கும் கிடைப்பதரிது. அவ்வரையறை மீள்தன்மையைப் பற்றியது என்பதும் நோக்கத்தக்கது.

இந்தியா 2016 ஜூன் 27 அன்றே இம்முறைமையில் உறுப்பினரானது. அதற்கு முந்தைய பல ஆண்டுகளாகவே திருவனந்தபுரத்திலுள்ள இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் நிலைமவியல் அமைப்புகள் பிரிவு சர்வோ வகை முடுக்கமானிகளை உள்நாட்டிலேயே உருவாக்கிவந்துள்ளது. 2023 ஆகஸ்டு 23 அன்று நிலவில் இறங்கிய சந்திரயான்-3 தரையிறங்கு கலம் லேசர் ஜைரோஸ்கோப்புகளும் முடுக்கமானிகளும் சேர்ந்த தொகுப்பைத் தாங்கியிருந்தது. அதனுடன் உயரமானிகளும், லேசர் டாப்ளர் திசைவேகமானியும், ஒளிப்படக் கருவிகளும் இருந்தன. தொகையீட்டில் பெருகும் பிழையை வெளியிலிருந்து திருத்த வேறு வழியில்லை.

அண்மை ஆண்டுகளில் சிலிக்கான் முடுக்கமானிகள் சிலவும் 1250 என்னும் எல்லையைத் தாண்டிவிட்டன. அதனால் எண்ணைக் காட்டிலும் 'வழிகாட்டலுக்காக வடிவமைக்கப்பட்ட' என்ற தொடரே இன்று பெருஞ்சுமையைத் தாங்குகிறது. அதே இனத்தின் அடியில் ஒரு விலக்குக் குறிப்பும் உண்டு. எண்ணெய்க் கிணற்றில் துளையிடும்போதே அளப்பதற்கெனத் தனியாக வடிவமைத்து உருவாக்கப்பட்ட முடுக்கமானிகளுக்கு இக்கட்டுப்பாடு பொருந்தாது என்கிறது அக்குறிப்பு. ஒரே குவார்ட்சு ஊசல்தகட்டுக் கொள்கையில் இயங்கும் இரு கருவிகளில், நிலத்தடி நோக்கி இறங்குவது வணிகப் பொருளாகவும் வானை நோக்கி ஏறுவது படைக்கலப் பொருளாகவும் சுங்கச்சாவடியில் பதிவாகின்றன.